மலேமே: நடக்காத எதிர்த்தாக்குதலும் நேரம் தவறிய எதிர்த்தாக்குதலும்

1941 மே 21, பொழுது புலரும் நேரம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி முந்தின நாள் வானிலிருந்து படையிறக்கித் தாக்கத் தொடங்கிய கிரேக்கத் தீவான கிரீட்டின் வடமேற்குக் கரையில், மலேமே விமானத் தளத்தைக் கீழே பார்த்தபடி நிற்கும் 107-ஆம் குன்றின்மேல் ஜெர்மன் பாராசூட் வீரர்கள் பதுங்கிப் பதுங்கி ஏறுகிறார்கள். முந்தின நாள் முழுக்க அவர்களைச் சாய்த்தது இந்தக் குன்றுதான். ரெஜிமென்ட் தளபதி மைண்டில் படுகாயப்பட்டுக் கிடக்கிறார். ஏறும் குழுக்களில் ஒன்றை நடத்தி வருபவர் ரெஜிமென்ட்டின் மருத்துவர் நாய்மன். மருத்துவரே துப்பாக்கியோடு முன்னே நடக்க வேண்டிய நிலைக்கு அந்தப் படை வந்திருந்தது. தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. உச்சியில் கடும் சண்டை காத்திருக்கிறது என்று எண்ணி ஏறியவர்கள் அங்கே கண்டது ஏறக்குறைய ஆளில்லாத பதுங்குகுழிகளை. குன்றைக் காத்த நியூசிலாந்தின் 22-ஆம் பட்டாலியன், சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவு, இரவோடு இரவாகக் கிழக்கே விலகிப் போயிருந்தது.

கிரீட் போரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த வெற்றுக் குன்றில் வந்து நின்றுவிடுவார்கள். யார் தவறு, ஏன் விலகினார்கள் என்று அங்கிருந்து விசாரணை தொடங்கும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது குன்றைச் சுற்றி நடந்த எதிர்த்தாக்குதல்கள். நடந்தவை மட்டுமல்ல, நடந்திருக்க வேண்டியவையும். அந்தப் பத்துப் பன்னிரண்டு நாள்களில் நேச நாட்டுக் காலாட்படை துப்பாக்கி முனைக் கத்தியான பயனெட்டை மாட்டிக்கொண்டு பாய்ந்த ஒவ்வொரு இடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வீரத்தில் எதுவும் எதற்கும் குறைவில்லை. வேறுபாடு கடிகாரத்தில் இருக்கிறது. ஜெர்மானியர் தரையைத் தொட்டதற்கும் எதிர்த்தாக்குதல் கிளம்பியதற்கும் நடுவே எத்தனை மணி நேரம் கழிந்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

வானிலிருந்து இறங்குபவனின் முதல் அரை மணி

ஜெர்மன் பாராசூட்டின் வார்கள் வீரனின் முதுகுப்பக்கம் இணைந்திருந்தன. விமானத்தின் கதவிலிருந்து தலைகுப்புறப் பாய்ந்தவன், முன்பக்கம் சாய்ந்து தொங்கியபடியேதான் கீழே வருவான். கயிற்றை இழுத்துத் திசை மாற்ற வழியில்லை. காற்று எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ அங்கேதான் விழ வேண்டும், அதுவும் கையும் முழங்காலும் தரையில் மோத. பெரும்பாலானவர்களின் உடம்பில் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கியும் சில கையெறி குண்டுகளும் மட்டுமே. நீளத் துப்பாக்கிகள், இயந்திரத் துப்பாக்கிகள், தோட்டாக்கள் எல்லாம் தனிப் பெட்டிகளில் தனிப் பாராசூட்டில் இறங்கும். இறங்கியவன் முதலில் வாரைக் கழற்ற வேண்டும், பிறகு பெட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும், பிறகு தன் ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அவன் போர்வீரன். அதுவரை ஆலிவ் தோப்பில் சிதறிக் கிடக்கும் தனி ஆள்.

இந்த அரை மணி நேரம் என்ன செய்யும் என்பதை மே 20 காலையிலேயே கிரீட் காட்டிவிட்டது. மலேமேக்குக் கிழக்கே 23-ஆம், 21-ஆம் நியூசிலாந்து பட்டாலியன்கள் மரங்களுக்கடியில் மறைந்திருந்தன. அங்கே யாரும் இல்லை என்று நம்பி ஜெர்மானியர் தங்கள் தாக்குதல் ரெஜிமென்ட்டின் மூன்றாம் பட்டாலியனை நேரே அவர்கள் தலைமேல் இறக்கினார்கள். சுமார் 600 பேரில் கிட்டத்தட்ட 400 பேர் அங்கேயே மாண்டார்கள், பட்டாலியன் தளபதி ஷெர்பரையும் சேர்த்து. பலர் வாரைக் கழற்றும் முன்பே இறந்தார்கள். மரக்கிளைகளில் தொங்கியவர்களும் இருந்தார்கள். போர்தான் என்றாலும் இதைப் படிக்கும்போது மனம் கனத்துத்தான் போகிறது. பெரும்பாலும் இளைஞர்கள்.

அதே காலையில் அதே ரெஜிமென்ட்டின் மற்றவர்கள் மேற்கே, தவ்ரோனிடிஸ் ஆற்றின் வறண்ட படுகையிலும் அதற்கு அப்பாலும் இறங்கினார்கள். அங்கே நேச நாட்டுப் படை இல்லை. வீரர்களை ஏற்றிய, இயந்திரமில்லாத கிளைடர் விமானங்களும் அந்தப் படுகையிலேயே வந்து விழுந்தன. பெட்டிகளைத் தேட, ஆட்களைச் சேர்க்க, அணிவகுக்க அவர்களுக்கு நேரம் கிடைத்தது. ஒரே படை, ஒரே பயிற்சி, ஒரே நாள். கிழக்கே விழுந்தவர்கள் அழிந்தார்கள், மேற்கே விழுந்தவர்கள் விமானத் தளத்தை நோக்கி நகரத் தொடங்கினார்கள்.

மாலை ஐந்து மணி, இரண்டு டாங்கிகள்

107-ஆம் குன்றையும் விமானத் தளத்தையும் காத்த 22-ஆம் பட்டாலியனின் தளபதி லெப்டினன்ட் கர்னல் லெஸ்லி ஆண்ட்ரூ. முதல் உலகப் போரில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கியவர். அவரிடம் ஐந்து கம்பெனிகள், அதாவது பட்டாலியனின் உட்பிரிவுகள், இருந்தன. ஒன்று ஓடுபாதை ஓரத்தில், ஒன்று ஆற்றுப் பாலத்தருகே, ஒன்று குன்றின்மேல், ஒன்று தெற்கே, தலைமையகக் கம்பெனி பிர்கோஸ் கிராமத்தில். காலைக் குண்டுவீச்சிலேயே தொலைபேசிக் கம்பிகள் அறுந்துபோயின. ஓட்டக்காரர்களை அனுப்பினால் வழியிலேயே விழுந்தார்கள். மதியத்துக்குள் ஆண்ட்ரூவுக்குத் தன் ஐந்து கம்பெனிகளில் பலவற்றின் நிலை தெரியவில்லை. பாலத்தருகே இருந்த கம்பெனி முழுக்க அழிந்துவிட்டது என்றே நம்பினார். அது அழியவில்லை, நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

எதிர்த்தாக்குதலுக்கான ஏற்பாடு முன்பே இருந்தது. மலேமே ஆபத்தில் சிக்கினால் பக்கத்திலிருக்கும் 23-ஆம் பட்டாலியன் உதவிக்குப் பாய வேண்டும். ஆண்ட்ரூ ஒளிக்குண்டுகளை விட்டு அழைத்தார். புகையிலும் தூசியிலும் யாருக்கும் அது தெரியவில்லை. மாலை ஐந்து மணியளவில் கம்பியில்லாத் தந்தியில் தன் மேலதிகாரி பிரிகேடியர் ஹார்கெஸ்ட்டிடம் நேரே கேட்டார். ஹார்கெஸ்ட்டின் தலைமையகம் பிளதானியாஸில், ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. 23-ஆம் பட்டாலியனே தன் பகுதியில் பாராசூட் வீரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது, அதை அனுப்ப முடியாது என்று பதில் வந்தது. உண்மையில் அந்த நேரத்துக்குள் 23-ஆம் பட்டாலியன் தன் பகுதியைப் பெரும்பாலும் துடைத்து முடித்திருந்தது.

ஆண்ட்ரூ தன் கையில் மிஞ்சியதை இறக்கினார். இரண்டு மட்டில்டா டாங்கிகள், பின்னால் ஒரு பிளட்டூன் (கம்பெனியின் சிறு பிரிவு), அதோடு சேர்ந்துகொண்ட சில பீரங்கிப்படை ஆட்கள். மொத்தம் சுமார் 25 பேர். மலேமேயின் முதல் எதிர்த்தாக்குதல் இவ்வளவுதான்.

ஒரு டாங்கி கிளம்பிச் சிறிது தூரம் போனதும் அதன் ஆட்களுக்குத் தெரிந்தது, கொடுத்திருந்த குண்டுகள் அந்தப் பீரங்கிக்குள் நுழையவில்லை. சுழல்கோபுரமும் சரியாகத் திரும்பவில்லை. டாங்கி திரும்பிவிட்டது. மற்ற டாங்கி தனியாகவே முன்னேறி, ஆற்றுப் படுகைக்குள் இறங்கி, பாலத்துக்கடியில் புகுந்து வடக்கே போனது. ஜெர்மானியரின் சிறு ஆயுதங்கள் மட்டில்டாவின் கனத்த இரும்பை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் படுகையின் பெருங்கற்களில் அதன் வயிறு தட்டி நின்றுவிட, உள்ளே இருந்தவர்கள் அதைக் கைவிட்டார்கள். பின்னால் வந்த காலாட்கள் திறந்த வெளியில் தனியாக நின்றார்கள். ஒன்பது பேர் திரும்பினார்கள், அவர்களிலும் பெரும்பாலோர் காயம்பட்டவர்கள்.

இந்த இரண்டு டாங்கிகளின் கதையில் கொஞ்சம் நின்று யோசிக்கத் தோன்றுகிறது. பல நாள்களாக அந்த டாங்கிகள் விமானத் தளத்தின் ஓரத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. அந்த நாள்களில் ஒருமுறை ஒரு குண்டை எடுத்துப் பீரங்கிக்குள் வைத்துப் பார்த்திருந்தால் போதும். ஆற்றுப் படுகையில் ஒருமுறை நடந்து கற்களைப் பார்த்திருந்தால் போதும். கிரேக்கப் பெருநிலத்தில் தோற்று, ஆயுதங்களை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த படை அது. எகிப்திலிருந்து கிடைத்தது மிச்சம் மீதி. ஆனால் சோதித்துப் பார்க்கத் தேவைப்பட்டது பொருள் அல்ல, ஓர் அரை மணி நேரம்தான்.

"போய்த்தான் ஆக வேண்டுமென்றால்"

ஆறு மணியளவில் ஆண்ட்ரூ மறுபடி ஹார்கெஸ்ட்டோடு பேசினார். உதவி வராவிட்டால் பின்வாங்க வேண்டியிருக்கும் என்றார். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் போங்கள் என்ற பொருளில் பதில் வந்தது. ஹார்கெஸ்ட் இரண்டு கம்பெனிகளை அனுப்பவும் செய்தார், ஒன்று 23-ஆம் பட்டாலியனிலிருந்து, ஒன்று பிளதானியாஸில் இருந்த, நியூசிலாந்தின் பூர்வகுடியினரான மாவோரிகளைக் கொண்ட 28-ஆம் பட்டாலியனிலிருந்து. பிரிகேடியர் தானே கிளம்பி மலேமேக்கு வந்து பார்க்கவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு, அரைகுறையாகக் காதில் விழும் தந்திச் செய்தியை வைத்து விமானத் தளத்தின் விதியை முடிவு செய்ய முடியாது.

உதவிக் கம்பெனிகள் இருட்டில் வழி தேடி வருவதற்குள் ஆண்ட்ரூ விலகத் தொடங்கிவிட்டார். மாவோரி கம்பெனி இரவில் நீண்ட தூரம் நடந்து விமானத் தளத்தை நெருங்கியது. அங்கே தங்கள் ஆட்களைக் காணாமல் திரும்பியது. ஓடுபாதை ஓரத்துக் கம்பெனியின் ஆட்கள் அப்போதும் அங்கேதான் இருந்தார்கள். பட்டாலியன் போய்விட்டது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விடியற்காலையில் தாங்கள் தனியாக விடப்பட்டதை அறிந்ததும் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியரைத் தாண்டி வெறுங்காலோடு நடந்து வெளியேறினார்கள்.

அந்தக் குறட்டையைப் பற்றி நான் பலமுறை யோசித்ததுண்டு. மே 20 இரவில் ஜெர்மன் தாக்குதல் ரெஜிமென்ட் அந்த அளவுக்குக் களைத்துப் போயிருந்தது. அவர்களில் விழித்திருந்தவர்கள் பயந்து காத்திருந்தது எதிர்த்தாக்குதலுக்காக. ஏதென்ஸில் ஓட்டல் ஒன்றில் உட்கார்ந்திருந்த ஜெர்மன் பாராசூட் படைத் தளபதி ஜெனரல் ஸ்டூடென்ட், தீவின் மற்ற இரண்டு விமானத் தளங்களான ரெதிம்னோவும் ஹெராக்லியனும் கைகூடவில்லை என்று தெரிந்ததும் மிச்சமிருந்த எல்லாவற்றையும் மலேமேயில் போட முடிவு செய்தார். அன்றிரவோ மறுநாள் காலையோ உறுதியான ஓர் எதிர்த்தாக்குதல் வந்திருந்தால் அங்கிருந்த தன் படையின் கதை முடிந்திருக்கும் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். சுற்றுவட்டாரத்தில் 23-ஆம், 21-ஆம், 28-ஆம் பட்டாலியன்கள் பெரிய சேதமில்லாமல் நின்றன. அவற்றில் எதுவும் முழுதாக நகரவில்லை.

ஓர் இரவு தள்ளி

மே 21 பகல் முழுக்க வானம் ஜெர்மானியருடையது. பிரிட்டிஷாரின் கடைசிப் போர் விமானங்கள் 19-ஆம் தேதியே தீவை விட்டுப் போயிருந்தன. பகலில் சாலையில் ஒரு லாரி நகர்ந்தாலும் மேலிருந்து அடி விழும். மாலை ஐந்து மணியளவில் ஜூ 52 என்ற ஜெர்மன் துருப்பு விமானங்கள் மலேமே ஓடுபாதையிலேயே இறங்கத் தொடங்கின. பீரங்கிக் குண்டுகள் விழ விழவே இறங்கின. எரிந்தவற்றை ஒதுக்கித் தள்ளிவிட்டு அடுத்தவை வந்தன. இறங்கியவர்கள் பாராசூட் வீரர்கள் அல்லர், ஆயுதம் தரித்து அணியாகவே வரும் ஐந்தாம் மலைப்படை டிவிஷனின் ஆட்கள். இவர்களுக்கு அந்தப் பலவீனமான அரை மணி நேரம் கிடையாது.

அன்று மாலை, மலேமேக்குக் கிழக்கே உள்ள ஹனியா நகரின் பக்கத்தில் தளபதிகள் கூடி இரவில் எதிர்த்தாக்குதல் என்று தீர்மானித்தார்கள். படை என்னவோ இரண்டே பட்டாலியன், 20-ஆம் நியூசிலாந்து பட்டாலியனும் 28-ஆம் மாவோரி பட்டாலியனும். கூடவே மூன்று இலகு டாங்கிகள். இதில் ஒரு நிபந்தனையும் சேர்ந்தது. 20-ஆம் பட்டாலியன் ஹனியாவுக்கு மேற்கே கடற்கரையைக் காத்து நின்றது. அந்த இடத்தை நிரப்ப ஆஸ்திரேலியாவின் 2/7 பட்டாலியன் ஜியார்ஜியூபோலிஸிலிருந்து வர வேண்டும். அவர்கள் வந்து சேரும்வரை 20-ஆம் பட்டாலியன் அசையக் கூடாது.

தீவின் தலைமைத் தளபதி ஃபிரைபர்க்கின் கண் கடல்மேல் இருந்தது. கப்பலில் பெரும்படை வரும் என்று அஞ்சினார். ஜெர்மன் ரகசியத் தந்திகளை உடைத்துப் படித்த செய்திகள் அவருக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை அவர் தவறாகப் புரிந்துகொண்டாரா, அல்லது மூலம் வெளிப்படாமல் காக்க வேண்டிய கட்டாயத்தால் கை கட்டப்பட்டிருந்தாரா என்ற வாதம் வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் ஓயவில்லை. எது உண்மையானாலும், ஒரு பட்டாலியன் கடற்கரையில் காத்துக் கிடந்தது. அதே இரவில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் தீவுக்கு வடக்கே, ஜெர்மன் வீரர்களை ஏற்றி வந்த சிறு மரக்கலங்களின் கூட்டத்தைச் சிதறடித்தன. அடிவானத்தில் தெரிந்த வெளிச்சத்தைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் கரைக்குக் கடல்வழியாகப் பெரும்படை எதுவும் வரவில்லை.

ஆஸ்திரேலியர்கள் பகலில் லாரிகளில் கிளம்பி, விமானத் தாக்குதலுக்கு நடுவே, தெரியாத சாலையில் வந்தார்கள். தாமதமானது. திட்டப்படி இரவு ஒரு மணிக்குத் தொடங்க வேண்டிய தாக்குதல். மாவோரிகள் பிளதானியாஸ் ஓடையருகே தொடக்கக் கோட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஒரு மணி போனது. இரண்டு போனது. 20-ஆம் பட்டாலியன் முழுதாக வந்து சேராத நிலையிலேயே, வந்த கம்பெனிகளை வைத்துக்கொண்டு அதிகாலை மூன்றரை மணிக்குக் கிளம்பினார்கள். விமானத் தளம் அங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர். விடிவதற்கு இருந்தது ஒன்றிரண்டு மணி நேரம்.

சாலைக்கும் கடலுக்கும் நடுவே 20-ஆம் பட்டாலியன், சாலைக்குத் தெற்கே மாவோரிகள், சாலையில் டாங்கிகள். இடைப்பட்ட நிலம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால் முந்தின நாள் விழுந்த பாராசூட் வீரர்களில் தப்பியவர்கள் வீடுகளிலும் வாய்க்கால்களிலும் கொல்லைகளிலும் இயந்திரத் துப்பாக்கியோடு ஒளிந்திருந்தார்கள். வீட்டுக்கு வீடு சண்டை. கதவை உதைத்து, கையெறி குண்டை உள்ளே போட்டு, வெடித்ததும் பயனெட்டோடு நுழைவது. ஒவ்வொரு வீட்டுக்கும் சில நிமிடம். அன்றைக்கு இல்லாமல் போனது அந்தச் சில நிமிடங்கள்தான்.

20-ஆம் பட்டாலியனில் ஒரு பிளட்டூனை நடத்திய லெப்டினன்ட் சார்லஸ் அப்ஹம் அந்த இருட்டில் இயந்திரத் துப்பாக்கி முனைகளைக் கையெறி குண்டுகளால் ஒவ்வொன்றாக முடித்துக்கொண்டு போனார். கிரீட்டில் செய்ததற்காக ஒரு விக்டோரியா கிராஸும், மறு ஆண்டு எகிப்தில் செய்ததற்காக இன்னொன்றும் பெற்றார். போர்க்களத்தில் நேரே சண்டையிட்ட வீரர்களில் இரண்டு முறை அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. அப்படிப்பட்டவர் முன்னணியில் நின்றும் அந்தத் தாக்குதல் போய்ச் சேரவில்லை என்பதே இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பிர்கோஸ் கிராமத்தை நெருங்கும்போது வெளிச்சம் வந்துவிட்டது. முன்னே போன டாங்கி அடிபட்டது. இன்னொன்று பழுதாகி நின்றது. 20-ஆம் பட்டாலியனின் ஒரு கம்பெனி விமானத் தளத்தின் கிழக்கு ஓரத்தை எட்டியே விட்டது. ஓடுபாதையில் வரிசையாக விமானங்கள் நிற்பதை அவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். ஆனால் பகல் வந்துவிட்டது. சுற்றிலும் குண்டு, மேலே விமானம், ஒதுங்க இடமில்லை. அங்கிருந்து பின்வாங்கினார்கள். மாவோரிகள் தெற்கே பகலிலும் விடாமல் முட்டிப் பார்த்தார்கள். குன்று அவர்களுக்கு எட்டவில்லை.

இன்னொரு கொடுமை. அன்று காலை பிளதானியாஸிலிருந்து பார்த்த ஹார்கெஸ்ட், மலேமேயில் விமானங்கள் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பதைக் கண்டு, ஜெர்மானியர் தங்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு தப்பிப் போகிறார்களோ என்று மேலிடத்துக்குச் செய்தி அனுப்பினார். அந்த விமானங்கள் இறக்கிக்கொண்டிருந்தது மலைப்படையை. அன்று பிற்பகலோடு மலேமே நேச நாடுகளுக்கு முடிந்த கதையானது. மலேமே போனதும் தீவு போனது.

ரெதிம்னோவில் விடியற்காலை

இதே கடிகாரம் வேறு மாதிரி ஓடிய இடம் ஒன்று உண்டு. மலேமேக்குக் கிழக்கே, ரெதிம்னோ விமானத் தளத்தில் லெப்டினன்ட் கர்னல் இயன் கேம்பல் இரண்டு ஆஸ்திரேலியப் பட்டாலியன்களோடு இருந்தார். துணைக்குக் கிரேக்கப் படையினர், கிரீட்டின் போலீசார், இரண்டு மட்டில்டா டாங்கிகள். மே 20 மாலை நான்கு மணியளவில் சுமார் 1,500 பாராசூட் வீரர்கள் அங்கே இறங்கினார்கள். இருட்டுவதற்குள் தளத்தைப் பார்த்தபடி இருந்த கிழக்குக் குன்று ஜெர்மானியர் கைக்குப் போய்விட்டது. இரண்டு டாங்கிகளும் ஓடையிலும் பள்ளத்திலும் சிக்கிச் செயலிழந்தன. மலேமேயின் நிலைமைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

கேம்பல் உதவி கேட்டார். கிடையாது என்று பதில் வந்தது. அவர் அன்றிரவே தன்னிடம் இருந்த சேமப் படையைத் திரட்டி விடியற்காலை தாக்க முடிவு செய்தார். முதல் தாக்குதல் தோற்றது. அதோடு நிறுத்தவில்லை. கேப்டன் மோரியார்ட்டி என்பவர் எஞ்சியவர்களையும் புதிதாக வந்து சேர்ந்தவர்களையும் கூட்டிக்கொண்டு சில மணி நேரத்துக்குள் மறுபடி ஏறினார். நடுவே ஜெர்மன் விமானங்கள் தவறுதலாகத் தங்கள் ஆட்கள் மேலேயே குண்டு போட்டன. குன்று திரும்பக் கிடைத்தது. அதே நாளில் மேற்கே மேஜர் சாண்டோவரின் பட்டாலியன் சிதறிய ஜெர்மானியரைத் துடைத்துக்கொண்டே போய், அவர்களின் தளபதி கர்னல் ஷ்டுர்மையே சிறைபிடித்தது. அவர் படையின் திட்டமும் ஆஸ்திரேலியர் கையில் சிக்கியது. ஜெர்மன் மொழி தெரிந்த சாண்டோவர் அதைப் படித்தார்.

ரெதிம்னோ தளத்தில் சண்டை முடியும்வரை ஒரு ஜெர்மன் துருப்பு விமானம்கூட இறங்க முடியவில்லை. மே 30 வரை கேம்பல் அதைக் காத்தார். பின்வாங்கும் உத்தரவு அவருக்கு வந்து சேரவே இல்லை. மேற்கிலிருந்து, மலேமேயில் இறங்கி வளர்ந்த படை டாங்கிகளோடு வந்து சேர்ந்தபோது, தீர்ந்துபோன உணவோடும் தோட்டாவோடும் சரணடைந்தார். அதுவரை அவரிடம் சுமார் 500 ஜெர்மன் கைதிகள் இருந்தார்கள்.

மலேமேயின் ஆண்ட்ரூவைக் கோழை என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கேம்பலுக்கு ஓர் அனுகூலம் இருந்தது, தன் இரண்டு பட்டாலியன்களையும் அவரே நேரில் கட்டுப்படுத்தினார், யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆண்ட்ரூவுக்கு உதவ வேண்டிய படை வேறொருவர் கையில் இருந்தது. அந்த வேறொருவர் களத்தைப் பார்க்கவில்லை. வேறுபாட்டின் பெரும்பகுதி இதில்தான் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கலாதாஸ்

மே 25 மாலை. ஹனியாவுக்கு மேற்கே கலாதாஸ் கிராமம். மூன்று நாள் முன்பு இதே இடத்தில் கிரேக்க வீரர்களும் ஊர் மக்களும், பெண்கள் உட்பட, ஃபாரஸ்டர் என்ற பிரிட்டிஷ் கேப்டனின் பின்னால் கத்திக்கொண்டே பாய்ந்து ஜெர்மானியரைத் துரத்தியிருந்தார்கள். இப்போது நியூசிலாந்தின் 18-ஆம் பட்டாலியனின் அணி உடைந்துவிட்டது. ஆட்கள் கும்பல் கும்பலாகப் பின்னோக்கி ஓடி வந்தார்கள். நியூசிலாந்துத் தளபதி கர்னல் ஹவார்ட் கிப்பன்பெர்கர் சாலையில் நின்று, நியூசிலாந்துக்காக நில்லுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தி நிறுத்தினார். ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, திருப்பி அடிக்காவிட்டால் எல்லாம் சரிந்துவிடும் என்று அந்தக் கணத்தில் முடிவெடுத்தார்.

அப்போது லெப்டினன்ட் ராய் ஃபாரன் இரண்டு இலகு டாங்கிகளோடு வந்தார், மே 22 அதிகாலை மூன்றரை மணிக்கு மலேமே சாலையில் கிளம்பிய டாங்கிகளோடு போனவர். கிராமத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி, உள்ளே முழுக்க ஜெர்மானியர் என்றார். ஒரு டாங்கியில் இரண்டு பேருக்குக் காயம். காலாட்படையிலிருந்து இரண்டு நியூசிலாந்துக்காரர்கள் முன்வந்து ஏறிக்கொண்டார்கள். எதை இழுத்தால் எது நகரும் என்று சில நிமிடங்கள் சாலையிலேயே கற்றுக்கொண்டார்கள்.

23-ஆம் பட்டாலியனின் இரண்டு கம்பெனிகள் பயனெட் மாட்டி வரிசையில் நின்றன. அந்த 23-ஆம் பட்டாலியன்தான், மே 20-ஆம் தேதி ஆண்ட்ரூ அழைத்தபோது அனுப்பப்படாதது. இருள் கவியும் நேரம். சிதறி ஓடி வந்தவர்களும் தாங்களாகவே வந்து சேர்ந்துகொண்டார்கள். டாங்கிகள் முன்னே பாய, பின்னால் ஓட்டமெடுத்தவர்கள் எழுப்பிய கூச்சலைக் கேட்டவர்கள் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. ஊர்ச் சதுக்கத்தில் ஃபாரனின் டாங்கி அடிபட்டு நின்றது. கால்களில் குண்டடி பட்டு வெளியே விழுந்தவர் அங்கிருந்தபடியே மற்றவர்களைக் கத்தி முன்னே அனுப்பினார். சந்துகளிலும் மாடிகளிலும் சண்டை சிறிது நேரமே நடந்தது. கலாதாஸ் பெரும்பகுதி மீண்டும் கைக்கு வந்தது. அடித்த அடி உடனே அடித்த அடி. எதிரி உள்ளே வந்து வேரூன்றும் முன்பே அடித்தார்கள்.

அதை வைத்து என்ன செய்வது என்ற கேள்வி அன்றிரவே வந்தது. தரையில் தோண்டிய ஒரு குழி, மேலே தார்ப்பாய், மங்கிய ஒரு விளக்கு. நியூசிலாந்துப் படையின் பிரிகேடியர் இங்கிலிஸ் மேஜையருகே இருந்தார். கிப்பன்பெர்கரும் மற்ற தளபதிகளும் உள்ளே இறங்கினார்கள். சேதம் குறைந்த கடைசிப் பட்டாலியன் என்று சொல்லத்தக்கது மாவோரிகளுடையது. அதை வைத்து இரவில் ஒரு பெரிய எதிர்த்தாக்குதல் நடத்தலாமா என்பதே பேச்சு. நடத்தாவிட்டால் கிரீட் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். கும்மிருட்டு, ஆலிவ் தோப்பு, திராட்சைத் தோட்டம், புதிய நிலம். ஒரு பட்டாலியனால் ஆகாது, சோர்வில்லாத இரண்டு வேண்டும் என்றார் கிப்பன்பெர்கர்.

"உங்களால் முடியுமா, ஜார்ஜ்?" என்று மாவோரி பட்டாலியன் தளபதி டிட்மரைக் கேட்டார் இங்கிலிஸ்.

முயன்று பார்க்கிறேன் என்றார் டிட்மர்.

எல்லோரும் வரைபடத்தையே பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அப்போது டிவிஷன் தலைமையகத்திலிருந்து கர்னல் ஜென்ட்ரி குழிக்குள் இறங்கி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பட்டாலியனையும் இழந்தால் பிறகு எதை வைத்து அணியைத் தாங்குவது?

கலாதாஸைப் பயனெட்டால் மீட்டவர்கள் அன்றிரவே அதைக் காலி செய்துவிட்டுக் கிழக்கே நடந்தார்கள். மாவோரி பட்டாலியன் மிஞ்சியது. இரண்டு நாள் கழித்து, மே 27 காலை, சூடா வளைகுடாவுக்கு அருகே பிரிட்டிஷ் பொறியாளர் கம்பெனி ஒன்றின் எண்ணால் 42-ஆம் தெரு என்று பெயர் பெற்ற ஆலிவ் மரச் சாலையில், பின்தொடர்ந்து வந்த ஜெர்மன் மலைப்படைப் பட்டாலியன்மேல் அவர்களும் ஆஸ்திரேலியர்களும் உத்தரவுக்குக்கூட முழுதாகக் காத்திராமல் எழுந்து பாய்ந்தார்கள். அந்த ஜெர்மன் பட்டாலியன் நூற்றுக்கணக்கானவர்களை இழந்து ஓடியது. அன்று முழுக்க அந்தப் பக்கம் யாரும் நெருங்கி வரவில்லை. தெற்கே, வெள்ளை மலைகளைத் தாண்டி ஸ்ஃபாகியா கடற்கரைக்குப் போகும் சாலையில் படை நகர்ந்துகொண்டிருந்தது.